‘ஒண்ணும் தெரியாது’: கண் மரப்புச் சொட்டும் ஒரு வாக்குறுதியும்

‘ஊசி இல்லை, தையல் இல்லை, கட்டு இல்லை.’ கண்புரை அறுவை சிகிச்சைக்கான விளம்பரங்களில் இந்த மூன்று ‘இல்லை’களையும் பார்க்காதவர்கள் குறைவு. மூன்றும் பெரும்பாலும் உண்மைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நாலாவதாக வாய்வழியாகச் சேர்க்கப்படும் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘பயப்படாதீங்க, ஒண்ணும் தெரியாது.’ இந்தக் குறிப்பு அந்த வாக்கியத்தைப் பற்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சொந்த ஊர் விருத்தாசலம் பக்கத்தில் கம்மாபுரம். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும் பழக்கம் உண்டு. ஒரு சோதனை எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்று பார்ப்பது என் தொழிலிலும் தினமும் செய்கிற வேலைதான். இங்கே செய்திருப்பதும் அதுதான். யாரும் இதைப் படித்துவிட்டு சிகிச்சையை மாற்றிக்கொள்ள வேண்டாம். கேள்வி கேட்டால் போதும்.

சொட்டு எதை நிறுத்துகிறது

கண்ணின் முன்பக்கம் இருக்கும் விழிவெண்படலம், அதாவது கார்னியா, உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று. தோலைவிட 300 முதல் 600 மடங்கு அடர்த்தி என்று சொல்வார்கள். ஒரு தூசி விழுந்தால் நாம் துடித்துப்போவது அதனால்தான். பீங்கான் பட்டறையில் வேலை செய்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த நரம்புகளின் சுவரில் சோடியம் அயனிகள் நுழைகிற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. கதவு திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் ‘வலிக்கிறது’ என்ற சேதி நரம்பு வழியாக மூளைக்குக் கிளம்பும். புரோபாரகெய்ன், டெட்ராகெய்ன், லிடோகெய்ன் போன்ற மரப்பு மருந்துகள் அந்தக் கதவை அடைத்துவிடுகின்றன. 0.5 சதவீத புரோபாரகெய்ன் சொட்டு அரை நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கும், சுமார் கால் மணி நேரம் தாங்கும். கண் அழுத்தம் பார்க்க, தூசி எடுக்க, தையல் பிரிக்க எல்லாம் இதுவே போதும். கண்புரை ஆபரேஷனுக்கு லிடோகெய்ன் சொட்டோ ஜெல்லியோ வைப்பதும் உண்டு.

இனி, இந்தச் சொட்டு எதையெல்லாம் நிறுத்துவதில்லை என்று ஒரு பட்டியல் போடலாம்.

பார்வை நரம்பை அது தொடுவதில்லை. ஆகவே வெளிச்சம் தெரியும். கண்ணை அசைக்கிற தசைகளைத் தொடுவதில்லை. ஆகவே கண் அசையும், அசைக்காமல் வைத்திருக்க வேண்டியது நோயாளியின் பொறுப்பு. கண்ணுக்குள்ளே இருக்கும் ஐரிஸ், அதை ஒட்டிய சிலியரி பகுதி ஆகியவற்றுக்கு மேலே விட்ட சொட்டு போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. ஆகவே உள்ளே திரவம் பாயும்போதும் லென்ஸை உள்ளே வைக்கும்போதும் ஓர் அழுத்தமோ இழுப்போ தெரியலாம். இதைக் குறைக்கத்தான் பாதுகாப்பு ரசாயனம் கலக்காத 1 சதவீத லிடோகெய்னைக் கண்ணுக்குள்ளேயே கொஞ்சம் செலுத்தும் முறை 1990களில் வந்தது. காது கேட்கும். முகத்தின் மேல் போர்த்தியிருக்கும் துணியின் கனம் தெரியும்.

சொட்டு நன்றாக வேலை செய்தால்கூட நிலைமை இதுதான். மருந்து சரியில்லை, டாக்டர் சரியில்லை என்ற பேச்சே இதில் இல்லை.

ஊசியிலிருந்து சொட்டுக்கு

இந்தத் துறையே சொட்டில்தான் தொடங்கியது. வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கொக்கெய்ன் கரைசலை முதலில் தவளைக் கண்ணிலும், அப்புறம் முயல், நாய் கண்ணிலும் விட்டுப் பார்த்தார். கடைசியில் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு குண்டூசித் தலையால் கார்னியாவைத் தொட்டார். ஒன்றும் உறைக்கவில்லை. 1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பெர்க் கண் மருத்துவர் மாநாட்டில் அந்தச் சேதி வாசிக்கப்பட்டது. வாசித்தவர் கோலர் இல்லை. போய்வரக் காசு இல்லாததால் டிரியெஸ்டே நகரத்து மருத்துவர் பிரெட்டாயரிடம் கட்டுரையைக் கொடுத்து அனுப்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். கோலரின் முக்கியமான சான்று ஒரு வாக்குமூலம். தவளை இமைக்கவில்லை என்பதை வெளியிலிருந்து பார்க்கலாம். ‘தொடுவது எனக்குத் தெரியவில்லை’ என்பதை, தொடப்பட்டவர் மட்டும்தான் சொல்ல முடியும். கோலர் சோதித்தவராகவும் சோதிக்கப்பட்டவராகவும் இருந்ததால் சேதி நடுவில் எங்கேயும் மாறவில்லை.

அதே 1884இல் நியூயார்க்கில் ஹெர்மன் நாப் கொக்கெய்னைக் கண்ணின் பின்பக்கம் ஊசி மூலம் செலுத்தினார். அடுத்த நூறு ஆண்டுகளில் கண்ணுக்குள் செய்யும் பெரிய ஆபரேஷன்களுக்கு ஊசிதான் வழி என்று ஆனது. காரணம் எளிது. ஊசி போட்டால் வலியோடு அசைவும் நின்றுவிடும், பார்வையும் மங்கும். அந்தக் காலத்துப் பெரிய கீறலுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் கண்ணின் பின்னால் கண்காணாத இடத்தில் ஊசி போவதால், அபூர்வமாக விழி துளைபடலாம், ரத்தம் கட்டலாம், மருந்து மூளைத்தண்டு வரைக்கும் போகலாம். 1986இல் டேவிஸும் மாண்டலும் ஊசியை விழியின் பின்னால் ஆழமாக இறக்காமல் விழியைச் சுற்றி மருந்து செலுத்தும் முறையை எழுதியது இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

இதற்குள் சார்ல்ஸ் கெல்மன் 1967இல் தொடங்கிவைத்த ஃபேகோ முறை, அதாவது அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை, கீறலைச் சிறிதாக்கியிருந்தது. மடக்கு லென்ஸ் வந்ததும் அது இன்னும் சிறிதானது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிக்மன் சொட்டு மட்டும் வைத்து ஃபேகோ செய்து காட்டினார். நூறு வருஷம் சுற்றி, கோலர் தொடங்கிய இடத்துக்கே துறை திரும்பி வந்தது. இது நல்ல முன்னேற்றம். ஊசியின் ஆபத்துகள் போயின, ஆபரேஷன் முடிந்த கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். ‘ஊசி இல்லை’ என்று விளம்பரம் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு.

ஊசி போனபோது கூடவே இன்னொன்றும் போனது. ஊசி, வலியை மட்டுமல்லாமல் அசைவையும் ஓரளவு பார்வையையும் சேர்த்து அணைத்தது. சொட்டு வலியை மட்டும் அணைக்கிறது. மருந்து மாறிவிட்டது, ஆனால் ‘ஒண்ணும் தெரியாது’ என்ற பழைய வாக்கியம் அப்படியே தொடர்கிறது. ஊசிக் காலத்திலேயே அது முழு உண்மை இல்லை என்பதைக் கீழே பார்க்கலாம்.

சென்னை: வலி ஒரு நெடுவரிசை

இந்தப் பாதையின் எல்லையைத் தொட்டவர் சென்னையின் அமர் அகர்வால். 1998 ஜூன் 13 அன்று அகமதாபாத்தில் நடந்த மாநாட்டில் ஊசியும் இல்லாமல் சொட்டும் இல்லாமல், எந்த மரப்பு மருந்தும் இல்லாமல் கண்புரை ஆபரேஷன் செய்து காட்டினார். அதைத் தொடர்ந்து சுரேஷ் பாண்டே, லிலியானா வெர்னர், டேவிட் ஆப்பிள், அகர்வால் குடும்ப மருத்துவர்கள் ஆகியோர் ஒரு சோதனையை 2001இல் ‘ஜர்னல் ஆஃப் கேட்டராக்ட் அண்ட் ரிஃப்ராக்டிவ் சர்ஜரி’ இதழில் வெளியிட்டார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்தே இல்லை, இன்னொன்றுக்குச் சொட்டு, மூன்றாவதற்குச் சொட்டோடு கண்ணுக்குள்ளும் மருந்து.

வலி மதிப்பெண்ணில் மூன்று குழுவுக்கும் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று வந்தது.

இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டால், ‘பாருங்க, மருந்தே இல்லாட்டியும் வலி ஒண்ணுதான்’ என்ற கதை கிடைக்கிறது. கேட்க அசத்தலாக இருக்கும். ஆனால் அதே கட்டுரையில் இன்னும் இரண்டு நெடுவரிசைகள் இருக்கின்றன. மருந்து இல்லாத குழுவில் நோயாளிகளின் அசௌகரியம் அதிகம். அறுவை செய்தவருக்கு ஏற்பட்ட மன அழுத்தமும் அதிகம். ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை, தாங்களே அளந்து தாங்களே அச்சிட்டிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காக அவர்களைப் பாராட்டணும். என் குறை, வலி வரியை மட்டும் கத்தரித்து எடுத்துப் பேசும் பேச்சின் மேல்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று.

ஒன்று, ‘வித்தியாசம் நிரூபணமாகவில்லை’ என்பதும் ‘வித்தியாசம் இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ஒரு நிரலைச் சில தடவை ஓட்டிப் பார்த்துப் பிழை வரவில்லை என்றால் ‘பிழை கண்ணில் படவில்லை’ என்றுதான் எழுதுவோம், ‘பிழையே இல்லை’ என்று எழுத மாட்டோம்.

இரண்டு, வலி வேறு, அசௌகரியம் வேறு என்று நோயாளிகளே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று ஏறாமல் மற்றது ஏறியிருக்கிறது. அப்படியானால் வலி மதிப்பெண் மட்டும் அனுபவத்தின் அளவுகோலாக இருக்க முடியாது.

மூன்று, மதிப்பெண் எப்படிக் கேட்கப்படுகிறது என்பது. இது அந்தச் சோதனையைப் பற்றிய குற்றச்சாட்டு இல்லை, பொதுவாகச் சொல்கிறேன். ‘வலி பத்துக்கு எத்தனை?’ என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முதலில் டாக்டர் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு ‘பரவாயில்லீங்க’ என்பார்கள். அது மரியாதையின் மதிப்பெண். நம் மொழியில் கண்ணுக்கென்றே எவ்வளவு சொற்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். உறுத்துது, கரிக்குது, கூசுது, எரியுது, அழுத்துது, இழுக்குது, குறுகுறுங்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு. ‘வலிக்குதா’ என்று கேட்டால் இத்தனையையும் விட்டுவிட்டு ‘இல்லை’ என்று பதில் சொல்ல முடியும், அந்தப் பதிலும் உண்மையாகத்தான் இருக்கும்.

மதுரை: என்ன பார்த்தார்கள்

‘வலித்ததா’ என்று கேட்காமல் ‘என்ன பார்த்தீர்கள்’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். வெங்கடேஷ் ரெங்கராஜ், நா. வெங்கடேஷ் பிரஜ்னா முதலியோர் சிங்கப்பூர் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சொட்டில் ஆபரேஷன் ஆனவர்களையும் பின்பக்க ஊசியில் ஆனவர்களையும் ஒப்பிட்டார்கள். 2004இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆஃப்தல்மாலஜி’யில் வந்தது. கேட்டது ஆபரேஷன் நடக்கும்போது பார்த்த காட்சிகளை மட்டும்.

பலர் வெளிச்சம் பார்த்தார்கள், நிறங்கள் பார்த்தார்கள், ஏதோ அசைவதைப் பார்த்தார்கள். கருவியையும் கையையும் பார்த்தவர்களும் உண்டு. ஊசிக் குழுவிலும் காட்சிகள் இருந்தன. பலருக்கு இது தொந்தரவாக இல்லை. சிலருக்குப் பயமாக இருந்தது.

சென்னை ஆய்வு கேட்ட கேள்வியும் மதுரை ஆய்வு கேட்ட கேள்வியும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் படம் முழுசாகும். வலி குறைவு என்பதும் உண்மை, மேஜையில் படுத்திருக்கிறவருக்கு ஒரு முழு நிகழ்ச்சி ஓடுகிறது என்பதும் உண்மை. தமிழ்நாட்டு மருத்துவர்கள் கைப்பட எழுதிய இரண்டு ஆய்வுகள் இருந்தும், கவுன்சலிங் மேஜையில் நம் மக்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் முதல் பாதி மட்டும்தான்.

‘தெரியாது’ செய்கிற வேலை

இந்த இடத்தில் தமிழ் ஒரு வேலை செய்கிறது. ‘வலி தெரியாது’ என்பது துல்லியமான வாக்கியம். ‘ஒண்ணும் தெரியாது’ என்று அது சுருங்கும்போது பொருள் பெரிதாகிவிடுகிறது. நம் மொழியில் ‘தெரிதல்’ என்றால் உணர்தலும்தான், அறிதலும்தான், கண்ணுக்குப் புலப்படுதலும்தான். டாக்டர் முதல் பொருளில் சொல்கிறார். படுத்திருக்கிறவர் மூன்று பொருளிலும் கேட்கிறார்.

என் பெரியம்மாவுக்கு இதுதான் நடந்தது. கம்மாபுரத்தில்தான் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். ஒரு தனியார் மருத்துவமனையில் வலது கண்ணுக்குச் சொட்டில் ஃபேகோ செய்தார்கள். ஆபரேஷன் மருத்துவ ரீதியில் அருமை, அடுத்த வாரமே அரிசியில் கல் பொறுக்கினார். ஆனால் இடது கண்ணுக்கு வரமாட்டேன் என்று இரண்டு வருஷமாகப் பிடிவாதம். வீட்டில் எல்லாரும் ‘வலிக்கவே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க’ என்று மடக்குவார்கள். ஒருநாள் நான் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டேன்.

“வலிக்கிலடா தம்பி. ஆனா எல்லாந் தெரிஞ்சிது” என்றார்.

வெளிச்சம் வந்தது, செகப்பும் நீலமுமாகக் கலங்கியது, கருப்பாக ஏதோ குறுக்கே வந்தது, தண்ணி ஓடியது, மெஷின் சத்தம் திடீரென்று மாறியது. ‘ஒண்ணும் தெரியாதுன்னாங்க, நமக்கு எல்லாம் தெரியுதே, அப்ப மருந்து புடிக்கல போலருக்கு, இனிமே அறுக்கப் போறாங்க’ என்று அவராகவே முடிவுக்கு வந்திருக்கிறார். பயத்தில் தலையைத் திருப்ப, உள்ளே அதட்டல் விழுந்திருக்கிறது. மீதி நேரம் முழுக்க வராத வலிக்காகக் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அவர் போட்ட கணக்கில் பிழை இல்லை என்பதைக் கவனியுங்கள். கொடுக்கப்பட்ட தகவலை வைத்துச் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். ‘தெரியாது’ என்றார்கள், தெரிகிறது, ஆகவே மருந்து வேலை செய்யவில்லை. தவறு அவருக்குக் கொடுத்த வாக்கியத்தில் இருந்தது. விலை என்ன? ஒரு கண்ணின் பார்வை. புரை முற்றி இடது கண்ணில் இப்போது ஆள் நிழல்தான் தெரிகிறது. முற்றிய புரையை எடுப்பதும் கடினம். தலையைத் திருப்பிய அந்த ஒரு நொடியும் சின்ன விஷயம் இல்லை, கண்ணுக்குள் கருவி இருக்கும்போது அசைவதுதான் சொட்டு முறையின் முக்கியமான ஆபத்து. வலியில்லாத ஆபரேஷனிலும் பயம் தலையை அசைக்கும்.

சொன்னால் பயப்படுவார்களே?

இதற்கு நியாயமான பதில்வாதம் ஒன்று இருக்கிறது. ‘கத்தி தெரியும், வெளிச்சம் தெரியும்னு முன்னாடியே சொன்னா வர்றவங்களும் ஓடிடுவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறோம், ஒவ்வொருத்தருக்கும் வகுப்பா எடுக்க முடியும்?’

முதல் பாதிக்குச் சோதனையே பதில் சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் ஆவ் இயோங் கா குவான் குழுவினர் சொட்டு முறையில் ஃபேகோ செய்துகொள்பவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன் நேரத்தில் என்னவெல்லாம் கண்ணில் படலாம் என்று முன்கூட்டியே விளக்கினார்கள். 2005இல் வெளியான முடிவு: விளக்கம் கேட்டவர்களில் பயந்தவர்கள் குறைவு. சொன்னால் பயம் கூடும் என்பது அனுமானம்தான், சோதித்தபோது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. யோசித்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. பல் பிடுங்கப் போகும்போது ‘மடக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க’ என்று சொல்லிவிட்டால் அந்தச் சத்தம் வெறும் சத்தம். சொல்லாவிட்டால் தாடை உடைந்த சத்தம்.

இரண்டாவது பாதி, நேரம். இது உண்மையான சிரமம், அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஆனால் இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிப் பார்த்தேன்:

“அம்மா, கண்ணுல சொட்டு விடுவோம். மொதல்ல கொஞ்சம் கரிக்கும், அப்புறம் மரத்துப் போயிடும். குத்துற வலி இருக்காது. ஆனா வெளிச்சம் தெரியும், கலர் தெரியும், ஏதாவது அசையறது தெரியலாம். தண்ணி ஓடற மாதிரி இருக்கும், நடுவுல கொஞ்சம் அழுத்தும், மெஷின் சத்தம் மாறும். இதெல்லாம் இருந்தா எல்லாம் சரியா நடக்குதுன்னு அர்த்தம். வலிச்சா தலைய ஆட்டாம வாயால சொல்லுங்க, இன்னும் மருந்து விடுவோம். முடிஞ்சதும் கண்ணத் தேய்க்காதீங்க, மரத்திருக்கிற வரைக்கும் காயம் பட்டாலும் தெரியாது.”

நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. காத்திருக்கும் அறையில் ஒலிபெருக்கியில் போட்டால் அந்த நேரமும் மிச்சம். கடைசி வாக்கியத்தில் ‘தெரியாது’ வருகிறது, ஆனால் அங்கே அது எச்சரிக்கையாக வருகிறது. இந்த மருந்தைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு உரிய இடம் அதுதான். இதே காரணத்தால்தான், தூசி விழுந்த கண்ணோ வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணோ எரிகிறது என்று இந்தச் சொட்டை மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் நாள்கணக்கில் விட்டுக்கொள்ளக் கூடாது. திரும்பத் திரும்ப விட்டால் கார்னியா ஆறாமல் புண்ணாகும், புண் ஆழமாவதும் உறைக்காது.

விமர்சனத்தின் அளவு

நான் சொட்டு முறையை எதிர்க்கவில்லை. ஊசியைவிட அது பாதுகாப்பு என்பதற்கான காரணங்களை மேலே நானே எழுதியிருக்கிறேன். ஊசி தேவைப்படும் கண்களும் உண்டு. முற்றிய புரை, பெரிய கீறல், காது கேட்காதவர், அசையாமல் படுக்க முடியாதவர் என்று அந்தத் தீர்மானம் டாக்டருடையது. இலவச முகாமில் ஊசி போட்டார்கள், காசு கொடுத்த இடத்தில் சொட்டு விட்டார்கள் என்பதை வைத்து, ஊசி ஏழைக்கான மட்டச் சரக்கு என்று நினைப்பதும் தவறு. ‘ஊசி இல்லை’ என்ற விளம்பரம் இந்தத் தவறான எண்ணத்தை வளர்க்கிறது என்பது என் இரண்டாவது புகார்.

முதல் புகார் சொல்லின் மேல்தான். மருத்துவத்தில் மருந்து மாறும்போது அதைப் பற்றிய வாக்கியமும் மாற வேண்டும். வீட்டில் யாருக்காவது கண்புரை ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் முன்னால் மூன்றே கேள்வி கேளுங்கள். சொட்டா, ஊசியா? படுத்திருக்கும்போது என்ன தெரியும்? வலித்தால் எப்படிச் சொல்வது? பதிலை நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், படுக்கப் போகிறவர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள்.